குவாரியில் மரம் நடுவது ஏன் கடைசி வேலை?

குவாரியை மூடியாகிவிட்டது, இனி அந்த இடத்தை என்ன செய்வது என்று ஊரில் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ஆயிரம் கன்று நட்டால் பத்து வருஷத்தில் காடாகிவிடும் என்பார் ஒருவர். பாறையில் என்னத்த முளைக்கும், ஊர்க் குப்பையைக் கொட்டி மூடுங்கள் என்பார் இன்னொருவர். சுற்றுச்சூழல் தினம் வருகிற ஜூன் 5 அன்று முதல் ஆளின் கை ஓங்கியிருக்கும். வேப்பங்கன்று, புங்கங்கன்று, ஷாமியானா, போட்டோ எல்லாம் ஆகும். அடுத்த சித்திரையில் போய்ப் பார்த்தால், கன்றுக்குத் துணையாக ஊன்றிய குச்சிகள் மட்டும் வரிசை கலையாமல் நிற்கும்.

யாரும் தண்ணீர் ஊற்றவில்லை என்று பஞ்சாயத்தைத் திட்டுவோம். சில இடங்களில் அது நியாயமான திட்டுதான். ஆனால் டேங்கர் வைத்துத் தண்ணீர் விட்ட இடங்களிலும் கன்றுகள் பட்டுப்போகின்றன. குவாரியில் போனது மரம் என்று நாம் நினைத்துக்கொள்வதால் வரும் கோளாறு இது. மரத்தோடு சேர்ந்து அதன் கீழிருந்த மண்ணும் போய்விட்டது. மண்ணைத் திரும்ப வளர்த்த பிறகுதான் மரத்துக்கு முறை வருகிறது. மண்ணை எப்படி வளர்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பிடுங்கிப் பார்த்த கன்று

எங்கள் ஊருக்கு மேற்கே மூடிக்கிடக்கும் கருங்கல் குவாரி ஒன்றின் கரையில், நட்டு மூன்று வருஷமான புங்கங்கன்றைப் பிடித்து இழுத்தேன். இலை கொட்டி, குச்சியாகத்தான் நின்றது. இரண்டு விரலுக்கே வந்துவிட்டது. அடியில் வேர், நாற்றங்கால் பாலித்தீன் பையின் வடிவத்திலேயே, உருளையாக, சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தது. பை இருந்த எல்லையைத் தாண்டி ஒரு வேர்கூட வெளியே போகவில்லை. குழியின் சுவரை நகத்தால் கீறினேன். சிமென்ட் தரையைக் கீறியது போல் இருந்தது. அந்த இடம் முன்பு டிப்பர் லாரிகள் திரும்பும் பாதை. கல் உடைக்கும் கிரஷரின் தூளும் பொடிஜல்லியும் பல வருஷம் சக்கரத்தில் மிதிபட்டு இறுகிய தரை அது.

கூட வந்த பெரியவர் அதே குவாரியில் ஜாக்ஹேமர் பிடித்து வெடிக்குத் துளை போட்டவர். ஒரு குடம் தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றச் சொன்னார். மறுநாள் காலை போனோம். முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே கிடந்தது.

"தம்பி, இது குழி இல்ல, தொட்டி. மழைக்காலத்துல வேரு அழுகும், கோடையில வேகும்" என்றார்.

அவர் ஒரே வரியில் சொன்னதை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

மாவும் இட்லியும்

கல்லைப் பொடித்தால் மண் கிடைத்துவிடும் என்பது பலருடைய எண்ணம். கிரஷர் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தால் மண் போலத்தான் தெரியும். பச்சரிசி மாவும் பார்க்க வெள்ளையாக, மெத்தென்று இருக்கிறது. அதற்காக அதில் தண்ணீர் விட்டு வேகவைத்தால் இட்லி ஆகுமா? உளுந்து சேர வேண்டும், ஓர் இரவு புளிக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உள்ளே வேலை பார்த்து மாவைப் பொங்க வைக்க வேண்டும். பிட்டுப் பார்த்தால் உள்ளே முழுக்கத் துளைகள். அந்தத் துளைகளால்தான் அது இட்லி, இல்லாவிட்டால் கொழுக்கட்டை.

நல்ல மண்ணும் அப்படித்தான். வளமான மண்ணை ஒரு டப்பாவில் எடுத்தால், அதில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் கொஞ்சம் காற்று, கொஞ்சம் தண்ணீர். மீதிப் பாதியில் பெரும்பகுதி கல்லும் மணலும் களியும் ஆன தாதுத் துகள்கள். இலை, வேர், சாணம், செத்த புழு என்று உயிரிலிருந்து வந்தது 5 சதவீதம் இருந்தாலே அது அருமையான மண். இந்த உயிர்க் கழிவுகள் நுண்ணுயிர்களால் செரிக்கப்பட்டு, கறுத்து, மண்ணோடு கலந்து நிற்பதற்குப் பெயர் மட்கு. துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக்கி, கட்டிகளுக்கு நடுவே துளைகளை நிறுத்துவது மட்குதான். தண்ணீரைப் பிடித்து வைப்பதும் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதும் அதே மட்குதான்.

நிலத்தின் மேலே மட்கும் உயிரும் நிறைந்த அந்த மெல்லிய அடுக்குதான் மேல்மண். நஞ்சையில் ஒரு முழம்கூட இருக்கலாம். கருங்கல் குன்றுகளில் நாலு விரல் அளவு இருந்தாலே அதிகம். இயற்கை தன் போக்கில் ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உண்டாக்க நூற்றாண்டுக் கணக்கில் ஆகும். ஜேசிபி அதை வழித்தெடுக்க அரை நாள் போதும்.

இதுவரை பார்த்தது: தூள் மண்ணாகாது. துளையும் மட்கும் உயிரும் சேர்ந்தால்தான் மண். குவாரி முதலில் எடுப்பது அதைத்தான்.

வழித்தெடுத்த மண் எங்கே போகிறது

கல் குவாரி வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் புதரை வெட்டி மேல்மண்ணை வழிப்பார்கள். அதன் கீழே சிவந்த, பாதி சிதைந்த பாறை வரும். நம் பக்கம் கிராவல் என்பது அதைத்தான். அது ரோட்டுக்கும் மனை நிரப்பவும் போய்விடும். பிறகுதான் கெட்டிப் பாறை. அதில் துளை போட்டு, வெடி வைத்து, படிப்படியாக இறங்குவார்கள். இந்தப் படிகளுக்கு பெஞ்ச் என்று பெயர். கடைசியில் நமக்கு மிஞ்சுவது செங்குத்துச் சுவர், குறுகிய பெஞ்ச், அடித்தரை, ஓரத்தில் கழிவுக்கல் மேடு. நான்கும் நான்கு வகை நிலம். நான்கிலும் ஒரே கன்றை ஒரே மாதிரி நடுவது, வயலுக்கும் வரப்புக்கும் மொட்டைமாடிக்கும் ஒரே நாற்று நடுவது போல.

மேல்மண்ணை என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. அதற்குள் விதைகள் இருக்கின்றன. எப்போதோ விழுந்து, முளைக்கத் தருணம் பார்த்துத் தூங்கிக்கொண்டிருக்கும் விதைகள். இதை விதை வங்கி என்பார்கள். நம் வீட்டுக் குதிரில் விதைநெல் இருப்பது போலத்தான், யாரும் எடுத்து வைக்காமலே இருக்கிற குதிர்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா காடுகளில் 1963 முதல் அலுமினியத் தாதுவான பாக்சைட் தோண்டுகிறார்கள். அங்கே மண்ணை ஆராய்ந்தபோது, விதைகளில் பெரும்பங்கு மேலே உள்ள 5 சென்டிமீட்டருக்குள்ளேயே இருப்பது தெரிந்தது. அந்த மண்ணைக் குவித்து வைத்தால் விதைகள் சாகின்றன. வழித்த மண்ணை உடனே கொண்டுபோய், தோண்டி முடித்த வேறொரு குழியில் பரப்பினால் காட்டின் செடிவகைகள் தாமாக எழுந்து வருகின்றன. அதனால் ஒரு குழியைத் திறக்கும் நாளிலேயே அதன் மண் இன்னொரு குழியை மூடப் போகிற மாதிரி வேலையைத் திட்டமிடுகிறார்கள். ஆரம்ப காலத்தில் அவர்களும் நம்மைப் போலத்தான் பைன் மரமும் வெளியூர் யூகலிப்டஸ் வகைகளும் நட்டார்கள். அந்த மண்ணுக்கே உரிய ஜாரா, மாரி என்ற மரவகைகளுக்கு முழுதாகத் திரும்பியது 1980களின் கடைசியில்தான்.

அந்தக் குழிகள் சில மீட்டர் ஆழம்தான். நம் கருங்கல் குழிகளை அவற்றோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் விதை வங்கிக் கணக்கு எங்கும் ஒன்றுதான். ஆளுயரத்துக்குக் குவித்து, நாலு மழையில் நனைந்து, உள்ளே காற்றில்லாமல் புழுங்கிய மேல்மண், பத்து வருஷம் கழித்துப் பரப்பும்போது வெறும் மண். குதிரில் விதைநெல் புழுத்துப்போன கதை.

"கோபுரத்தில் அரசங்கன்று முளைக்கிறதே?"

இந்த இடத்தில் யாராவது இப்படிக் கேட்பார்கள். நல்ல கேள்வி. கோயில் கோபுரத்தில், பழைய பாலத்தில், கிணற்றுச் சுவரில் அரசும் ஆலும் இச்சியும் முளைத்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படியிருக்க குவாரிச் சுவரில் ஏன் முளைப்பதில்லை?

கோபுரத்து விரிசலை உற்றுப் பாருங்கள். பல ஆண்டுத் தூசி, புறா எச்சம், உதிர்ந்த சுண்ணாம்பு, பாசி எல்லாம் ஒரு பிடி அளவுக்கு அங்கே தங்கியிருக்கும். நிழல் இருக்கும், மழைநீர் கசியும். பறவை எச்சத்தில் வந்த விதைக்கு அது சின்னத் தொட்டி மண். குவாரிச் சுவர் நேற்று உடைந்த பாறை. வெடியில் விழுந்த விரிசல்கள் உண்டு, ஆனால் செங்குத்தாக இருப்பதால் தூசி நிற்பதில்லை. வெயில் நேராக அடித்து உச்சிப் பொழுதில் கை வைக்க முடியாத சூடு.

பழைய பாறைகளில் வேலை மெல்ல நடக்கிறது. முதலில் பாறை மேல் சாம்பலும் பச்சையுமாகப் படை போலப் படரும் லைக்கன்கள். அவை வெளிவிடும் அமிலம் பாறையைத் துளியளவு கரைக்கும். பிறகு பாசி வந்து தூசியைப் பிடிக்கும். பிடித்த தூசியில் புல், புல் செத்த இடத்தில் குத்துச்செடி, குத்துச்செடி நிழலில் மரம். ஒன்று செத்து அடுத்ததற்கு இடம் செய்துகொடுக்கும் இந்தத் தொடருக்குத் தாவர வழிமுறை வளர்ச்சி என்று பாடப்புத்தகத்தில் பெயர். முதலில் வந்து கஷ்டப்படும் செடிகளுக்கு முன்னோடித் தாவரங்கள் என்று பெயர்.

நிலமீட்பு என்பது இந்தத் தொடரை மனிதன் வேகப்படுத்துவது. வேகப்படுத்தலாம், ஆனால் நடுவில் உள்ள படிகளைத் தாண்டிக் குதிக்க முடியாது. கன்று நடும் விழா முதல் படிக்கு முன்னாலேயே கடைசிப் படியில் கால் வைக்கிறது.

உயரமான சுவர்களுக்கு ஒரு உபாயம் உண்டு. இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில், வேலை முடிந்த சுண்ணாம்புக்கல் குவாரிகளின் செங்குத்து முகத்தில் மறுபடி வெடி வைத்தார்கள். இந்தமுறை கல் எடுக்க அல்ல. சுவர் உடைந்து, பக்கத்து மலைச்சரிவுகள் போலவே அடியில் கற்குவியல் சரிவாக விழும்படி வைத்த வெடி. சரிவில் தூசி தங்கும், விதை தங்கும். கெடுத்த கருவியாலேயே சரிசெய்தது எனக்குப் பிடித்த விஷயம். நம் ஊரில் பட்டா எல்லை வரை ஒட்டத் தோண்டிவிடுவதால் சரிவுக்கு விட இடமே இருக்காது என்பது வேறு கதை.

அழகாகச் சமப்படுத்தியதால் வந்த வினை

தரை இறுகுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிக்கல் அதிகம் தெரியாமல் போவது இங்கேதான்.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் நிலக்கரிக்காக மலையை வெட்டிப் போட்ட இடங்களில் மண்சரிவு பெரிய தொல்லையாக இருந்தது. 1977ல் நிலத்தைப் பழைய வடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் வந்தது. நிறுவனங்கள் புல்டோசரை விட்டு மேடு பள்ளமில்லாமல் வழித்து, அழுத்தி, மேலே வேகமாக வளரும் புல்லை விதைத்தன. பார்க்க அழகு. அதிகாரிகளுக்கும் திருப்தி. ஆனால் மரம் வரவில்லை. வேர் இறங்க முடியாத தரை, மேலே நெருக்கமான புல். பல வருஷம் கழித்து வனவியல் ஆட்கள் தலைகீழான யோசனை சொன்னார்கள். மேலே சுமார் 4 அடிக்கு மண்ணைத் தளர்வாகக் கொட்டுங்கள், சமப்படுத்தாதீர்கள், கரடுமுரடாக விடுங்கள், பிறகு மரம் வையுங்கள். ஏற்கெனவே இறுகிய இடங்களில் புல்டோசருக்குப் பின்னால் பெரிய இரும்புக் கொழுவைக் கட்டி ஆழமாகக் கீறினார்கள். மரங்கள் வந்தன.

உழவு தெரிந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. ஆனால் காண்ட்ராக்ட் வேலையில் சமதளமாக இருந்தால்தான் பில் பாஸாகும். கரடுமுரடாக விட்டால் "வேலை முடியலையே" என்பார்கள்.

சுருக்கமாக: விதையோடு கூடிய மேல்மண் வேண்டும், தூசியும் தண்ணீரும் தங்கும் சரிவு வேண்டும், வேர் நுழையும் தளர்வு வேண்டும். இனி சத்து.

பாறையில் இல்லாத ஒன்று

சாம்பல் சத்து, மணிச்சத்து, சுண்ணாம்புச் சத்து எல்லாம் பாறை சிதையும்போது கொஞ்சமாவது கிடைக்கும். தழைச்சத்து மட்டும் அப்படிக் கிடைக்காது. அது காற்றில் கொட்டிக் கிடக்கிறது. ஐந்தில் நான்கு பங்கு காற்று நைட்ரஜன்தான். ஆனால் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. பயறு வகை போன்ற சில செடிகளின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்று நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குப் பிடித்த வடிவில் தருகின்றன. இதுதான் தழைச்சத்து நிலைநிறுத்தல். கொழிஞ்சி, தக்கைப்பூண்டு, அவுரி விதைத்து மடக்கி உழுகிற விவசாயி செய்வது இதைத்தான். அந்த வேலைக்கு ஏற்ற செடி முதலில் வராவிட்டால், வெறும் பாறைத்தூளில் வேறு எதுவும் தழைக்காது.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் கென்யாவில் இருக்கிறது. அதில் நமக்கு ரொம்பப் பழக்கமான இரண்டு பாத்திரங்கள் வருகின்றன.

பம்புரி: சவுக்கும் மரவட்டையும்

மொம்பாசா நகருக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள ஊர் பம்புரி. 1954ல் அங்கே சிமென்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பழைய பவளப்பாறை மாறி உண்டான சுண்ணாம்புக்கல்தான் ஆலைக்குத் தீனி. தோண்டத் தோண்ட, வெயிலில் கண்ணைக் கூசும் வெள்ளைக் குழிகள் விரிந்துகொண்டே போயின. மண் இல்லை, நிழல் இல்லை. கீழே கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர்.

ஆலையில் வேலை பார்த்த சுவிட்சர்லாந்துக்காரர் ரெனே ஹாலர் வேளாண்மை படித்தவர். 1971ல் அந்தக் குழியில் மரம் வளர்க்கும் முயற்சியைத் தொடங்கினார். 26 வகை மரங்களை நட்டுப் பார்த்ததில் 3 வகைதான் பிழைத்தன. தென்னை ஒன்று, கோனோகார்பஸ் வகை மரம் ஒன்று, மூன்றாவது நம் சவுக்கு. மூன்றில் சவுக்குதான் விறுவிறுவென்று ஏறியது. சோழமண்டலக் கடற்கரையில் வாழ்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமில்லை. உப்புக்காற்று, வெறும் மணல் எதையும் சவுக்கு பொருட்படுத்தாது. அது பயறு வகை இல்லை, ஆனாலும் அதன் வேரில் முடிச்சு உண்டு. ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் அதில் உட்கார்ந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் அது வெறும் சவுக்குத் தோப்பு. சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. சவுக்கு ஊசிகள் உதிர்ந்து உதிர்ந்து மெத்தை போலக் குவிந்தன, ஆனால் மட்கவில்லை. அவற்றில் துவர்ப்புப் பொருள் அதிகம், நுண்ணுயிர்கள் வாய் வைக்கவில்லை. நம் சவுக்குத் தோப்புகளிலும் சருகைக் கூட்டி அடுப்புக்கு அள்ளிக்கொண்டு போவார்கள், கீழே மணல் மணலாகவே இருக்கும். கவனித்திருக்கலாம். பம்புரியிலும் மரம் இருந்தது, தழைச்சத்து இருந்தது, மட்கு இல்லை. வட்டம் ஓரிடத்தில் அறுந்திருந்தது.

அதைக் கட்டியது மரவட்டை. மழைக்காலத்தில் திண்ணையோரம் ஊர்ந்து வரும், தொட்டால் சுருண்டுகொள்ளும் ரயில்பூச்சிதான். ஆப்பிரிக்காவில் அது விரல் தடிமன் இருக்கும். அந்த மரவட்டை காய்ந்த சவுக்கு ஊசியைத் தின்பதை ஹாலர் கவனித்தார். நூற்றுக்கணக்கில் பிடித்துவந்து குழிக்குள் விடச் செய்தார். மரவட்டை ஊசியை அரைத்துத் தின்று எச்சமாகப் போட்டது. அரைபட்ட அந்த எச்சத்தில் நுண்ணுயிர்கள் வேலை செய்ய முடிந்தது. மட்கு சேரத் தொடங்கியது. மட்கு வந்ததும் மற்ற மரங்களும் நிற்க ஆரம்பித்தன, பறவைகள் வந்தன, அவை வேறு விதைகளைக் கொண்டுவந்தன. முன்னோடியான சவுக்கைப் படிப்படியாகக் கழித்து விற்றார்கள், அந்த இடத்தில் பல வகை மரங்கள் எழுந்தன. இன்று அந்த இடம் ஹாலர் பூங்கா. 2004 சுனாமியில் தாயைப் பிரிந்த நீர்யானைக் குட்டி ஒன்று கிழட்டு ஆமையோடு ஒட்டிக்கொண்ட செய்தி உலகம் முழுக்க ஓடியதே, அது இந்தப் பூங்காவில்தான். எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த நீர்யானை. மரவட்டைக்கு யார் போட்டோ எடுத்தார்கள்?

சவுக்கைக் கொண்டுபோய் எல்லாக் குவாரியிலும் நடுங்கள் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கடலோரச் சுண்ணாம்புக் குழிக்குப் பொருந்தியது கரூர் பக்கத்துக் கருங்கல் குழிக்குப் பொருந்தாது. அங்கே முன்னோடி வேலையை ஆவாரையும் கொழிஞ்சியும் எருக்கும் விராலியும் கொழுக்கட்டைப் புல்லும் செய்யும். பிறகு உசிலையும் வெள்வேலும் வரும். பம்புரியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மரத்தின் பெயரை அல்ல, "சருகை யார் தின்கிறார்கள்?" என்ற கேள்வியை.

ஓடை சொல்லும் சாட்சி

மண் வளர்கிறதா என்பதைச் சில சமயம் செடியைவிடத் தண்ணீர் தெளிவாகக் காட்டும். டேராடூனுக்கு அருகே சகஸ்ரதாராவில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கச் சரிவு ஒன்றிருந்தது. டூன் பள்ளத்தாக்குச் சுண்ணாம்புக் குவாரிகள் பலவற்றை மூடச் சொல்லி 1985ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட அதே பகுதி. ஒவ்வொரு மழைக்கும் சரிவிலிருந்து கல்லும் சேறும் ரோட்டில் வந்து விழும். 1984ல் தொடங்கி, மண் மற்றும் நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்தச் சரிவைப் பிடித்துக் கட்டினார்கள். ஓடைகளின் குறுக்கே கம்பிவலைக்குள் கல் அடுக்கிய தடுப்புகள், சரிவின் மேல் சணல் வலை, வலையின் கண்களில் புல், புல்லுக்குப் பின் புதர், மரம்.

ஆண்டுக்கு ஒரு ஹெக்டேருக்கு 550 டன் வந்துகொண்டிருந்த கல்மண் சரிவு 8 டன்னாகக் குறைந்தது. மழை நின்ற பிறகு 60 நாள் மட்டும் ஓடிய ஓடை 240 நாள் ஓடியது. ஊசி போலக் குத்தி ஓடிய மழையைத் துளைகளுள்ள மண் குடித்து, மெல்லக் கசியவிட்டது என்று அர்த்தம். இட்லி சாம்பாரைக் குடிப்பது போல. அந்த உவமையை விட எனக்கு மனமில்லை.

பச்சையாகத் தெரிவதெல்லாம்

இன்னொரு பக்கம், பச்சை தெரிந்தாலே நிலம் மீண்டுவிட்டது என்று நினைப்பதும் தவறு. நம் பக்கத்துக் குவாரிகளில் யாரும் நடாமல் செழிப்பது சீமைக்கருவேலம். அதுவும் தழைச்சத்து பிடிக்கும், நிழல் தரும், சருகு போடும். ஆனால் தன் நிழலில் பெரும்பாலும் தன்னைத் தவிர வேறெதையும் விடாது. வழிமுறை வளர்ச்சி அந்தப் படியிலேயே நின்றுவிடும். அதற்காக ஒரே நாளில் ஜேசிபி வைத்துப் பிடுங்கினால் சேர்ந்த கொஞ்சம் மண்ணும் போய்விடும். இடைவெளி விட்டு வெட்டி, அந்த இடைவெளியில் உசிலையோ வேம்போ வைத்து, அது எழுந்த பிறகு அடுத்ததை வெட்டுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மெதுவான வேலை, திறப்பு விழா நடத்த முடியாது.

மரமே வேண்டாத குவாரிகளும் உண்டு. இங்கிலாந்தில் பார்னாக் என்ற ஊர்க் குவாரி, பீட்டர்பரோ பேராலயத்துக்குக் கல் கொடுத்தது. 1500 வாக்கில் நல்ல கல் தீர்ந்து கைவிட்டுவிட்டார்கள். மேடும் பள்ளமுமாகக் கிடந்த கழிவுக்கல் மேல் புல் படர்ந்தது. சத்தில்லாத மெல்லிய மண் என்பதால் முரட்டுப் புல் எதுவும் ஆதிக்கம் செலுத்த முடியவில்லை. அதனாலேயே அரிய ஊதாப் பூவான பாஸ்க் மலரும் ஆர்க்கிட்களும் அங்கே பிழைத்தன. இப்போது அது காப்பகம். மரம் முளைத்து மூடிவிடாமல் இருக்கச் செம்மறி ஆடுகளை மேய விடுகிறார்கள். அங்கே யாராவது உரம் போட்டு மரம் நட்டால் அதுதான் அழிவு.

நம் உச்ச நீதிமன்றமும் 2020 ஜனவரியில், சுரங்கக் குத்தகை முடிந்த நிலத்தில் கால்நடைத் தீவனமும் தாவரங்களும் விலங்குகளும் வாழும்படி மறுபடி புல் வளர்க்க வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகைகளில் சேர்க்கச் சொன்னது. புல் என்றுதான் சொன்னது. படிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆழக் குழிகள் நீர்த்தேக்கமாவதும் உண்டு. 2017 வறட்சியில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட குழியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கட்டும். கரையில் வேலி போட்டு, சரிவில் மட்டும் செடியைப் பார்க்கலாம். குப்பை கொட்டி நிரப்புவது மட்டும் கூடாது. பாறை விரிசல் வழியே குப்பைச் சாறு யார் வீட்டு போர்வெல்லுக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

போய்ப் பார்த்தால்

மீட்ட குவாரி என்று யாராவது காட்டினால் நான் மர உயரத்தைப் பார்ப்பதில்லை. குனிந்து சருகைக் கிளறுவேன். அடியில் கறுப்பு படிந்திருந்தால், ஈரவாசனை வந்தால், ஒரு பூச்சியாவது ஓடினால் நல்ல சேதி. அடுத்து, நடாத செடி எத்தனை என்று பார்ப்பேன். வரிசையில் இல்லாமல் கோணலாக முளைத்த வேப்பஞ்செடி, ஏதோ ஒரு காக்கை போட்டுவிட்டுப் போனது, அது வரிசையில் நிற்கும் நூறு கன்றுக்குச் சமம். மூன்றாவது, ஒரு குடம் தண்ணீர்.

குழியில் தண்ணீர் ஊற்றச் சொன்ன அந்தப் பெரியவர் போன தை மாதம் மேய்ச்சல் காட்டில் காய்ந்த கொழிஞ்சி நெற்றுகளைப் பறித்து வைத்தார். விதைத் தோல் கெட்டி, அப்படியே போட்டால் பாதி முளைக்காது என்று மணலோடு சேர்த்துத் தேய்த்துக்கொடுத்தார். ஆடியில் நாங்கள் இருவரும் கடப்பாரையோடு போய், அந்தப் பழைய குழிகளின் சுவரைக் குத்தி உடைத்து, சுற்றிலும் இரண்டடிக்குத் தரையைக் கிளறிவிட்டோம். பட்டியிலிருந்து அள்ளிய ஆட்டுப் புழுக்கையும் குளக்கரை மண்ணும் போட்டு, மேலே விதையைத் தூவினோம். ஐப்பசி மழைக்குப் பிறகு பதினான்கு குழிகளில் ஒன்பதில் கொழிஞ்சி வந்திருந்தது. ஒன்றில் யாரும் போடாத ஆவாரை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், மாலைக்குள் வடிந்துவிட்டது.

இந்த வருஷம் மரக்கன்று எதுவும் வைக்கவில்லை.